எலெக்‌ஷன்ல நிக்கட்டுமா அக்கா?

கேள்வி: அக்கா, நான் டெக்சாஸ்ல ஒரு பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டில இன்ஜினியரிங் பசங்களுக்கு அகாடமிக் அட்வைசரா இருக்கேன். எந்த செமஸ்டர்ல எந்த கோர்ஸ் எடுக்கறது, மேஜர் மாத்தலாமா, மார்க் குறைஞ்சு புரொபேஷன்ல மாட்டிக்கிட்டா எப்படி வெளிய வர்றதுன்னு உக்காந்து பேசறதுதான் வேலை. எங்க தொழிலுக்குன்னு நகேடான்னு ஒரு சங்கம் இருக்கு. கொஞ்ச வருஷமா மெம்பரா இருக்கேன், ரீஜனல் கான்ஃபரன்ஸ்ல பேசியிருக்கேன், அங்க பேச வந்த ப்ரொபோசலை எல்லாம் படிச்சு மார்க் போடற வேலையும் செஞ்சிருக்கேன். இப்ப கூட வேலை பாக்கற அமெரிக்கத் தோழி ஒருத்தி "நீ ரீஜன் சேருக்கு நில்லு"ன்னு உலுக்கறா, அதாவது எங்க வட்டாரத்துக்குத் தலைவர் பதவி. ஆசை இருக்குக்கா, ஆனா நாமளே நம்ம பேரைக் குடுக்கறது ஒரு மாதிரி இருக்கு, பெரியவங்க யாராவது கூப்பிட்டா மரியாதையா இருக்கும்னு தோணுது. என் இங்கிலீஷ் வேற இன்னும் திருச்சி இங்கிலீஷ்தான். வீட்டுக்காரர் "சம்பளம் உண்டா"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார், அம்மா போன்ல "எதுக்குடி வேண்டாத வேலை"ங்கறாங்க. நிக்கலாமா? நின்னா ஓட்டுப் போடறவங்க படிக்கற ஸ்டேட்மென்ட்ல என்னத்த எழுதறது?
– பேர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: கூப்பிடற கதையை முதல்ல முடிச்சிடுவோம். யாரும் வந்து கூப்பிடணும்னு அங்க எதிர்பார்ப்பே கிடையாது. நாமினேஷன்ல உங்க பேரை நீங்களே குடுக்கலாம், அதைத் தப்பா பாக்கறவங்க யாரும் இல்ல, தோழிதான் உங்க பேரைக் குடுக்கணும்னு இல்ல. நம்ம பக்கம் "தானா போய் நிக்குது பாரு"ன்னு ஒரு இளக்காரம் உண்டு, அதை ஏர்போர்ட்லயே விட்டுட்டு வந்திருக்கணும், பரவால்ல இப்ப விடுங்க. அந்த சங்கமே யாரும் கூப்பிடாம ஆரம்பிச்சதுதான். 1972ல க்ரூக்ஸ்டன், ஒபேனியன்னு ரெண்டு பேர் தனித்தனியா ஆளுக்கொரு கட்டுரை எழுதினாங்க, அட்வைசிங்னா ஃபார்ம்ல கையெழுத்து போட்டு அனுப்பற வேலை இல்ல, அதுவும் ஒரு விதத்துல பாடம் நடத்தறதுதான், பையன் வாழ்க்கைல என்ன வேணும்னு கேட்டுட்டு அப்புறம்தான் கோர்ஸுக்கு வரணும்ங்கற மாதிரி. அதுக்கப்புறம் 1977ல வெர்மான்ட்ல பர்லிங்டன்ங்கற ஊர்ல அட்வைசிங்குக்குன்னே ஒரு தேசிய மாநாடு நடந்துச்சு, 1979ல சங்கமா பதிவாச்சு. அப்ப இந்த வேலையை ஒரு தொழில்னு மதிச்சவங்களே கம்மி. இன்னிக்கு பத்தாயிரத்துக்கு மேல மெம்பர்.

இப்ப உங்க விஷயம். நில்லுங்க. ஆனா இந்த வருஷமே ரீஜன் சேருக்கான்னா, எனக்கு இன்னொரு யோசனை இருக்கு.

மொத்தம் பத்து ரீஜன், உங்களோடது ஏழு, டெக்சாஸ் கூட ஓக்லஹோமா, லூசியானா, ஆர்கன்சா, கான்சஸ், மிசூரி எல்லாம் சேர்ந்தது. அவ்வளவு பெரிய இடத்துல சேர்ங்கறவங்க மேடைல உக்காந்து மாலை வாங்கற ஆள் இல்ல, கல்யாண வீட்டுல பந்திக்கு நடுவுல ஓடிக்கிட்டே இருக்கற சித்தப்பா மாதிரி. வருஷா வருஷம் ரீஜன் கான்ஃபரன்ஸ் நடக்கணும், அதுக்கு ஊர் புடிக்கணும், ஹோட்டல் பேசணும், கான்ஃபரன்ஸ் நடத்த ஒரு ஆள் புடிக்கணும், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பிரதிநிதி இருக்கணும், அவார்டுக்கு அப்ளை பண்ண ஆளே வராது அவங்களைத் தேடிப் போய்க் கேக்கணும், பட்ஜெட் பாக்கணும், கடைசி நேரத்துல ஒருத்தர் வேலை மாறிப் போயிடுவார் அந்த இடத்துக்கு இன்னொருத்தரை உடனே போடணும். இதுல பாதி வேலை "யாரைக் கேட்டா செய்வாங்க"ன்னு தெரிஞ்சு வெச்சிருக்கறதுதான். அது கான்ஃபரன்ஸ்ல பேசறதால வராது, கமிட்டில உக்காந்தாதான் வரும். அதனால இப்ப இருக்கற சேருக்கு ஒரு மெயில் போடுங்க, ரீஜனை நடத்தற ஸ்டீரிங் கமிட்டில இடம் இருக்கா, இல்லன்னா கான்ஃபரன்ஸ் கமிட்டில ஏதாவது வேலை குடுங்கன்னு கேளுங்க. இந்த மாதிரி தானா வேலை கேட்டு வர்ற மெயில் அபூர்வம், அனேகமா அன்னிக்கே பதில் வரும். அங்க கொஞ்ச நாள் இருந்துட்டு அடுத்த சுத்துல நின்னீங்கன்னா ஓட்டுப் போடறவங்களுக்கு உங்க பேர் ஏற்கெனவே தெரிஞ்ச பேரா இருக்கும். ஓட்டு உங்க ரீஜன் ஆளுங்கதான் போடப் போறாங்க, முக்கால்வாசிப் பேர் பயோடேட்டாவைப் படிச்சுப் பாத்து போடறதில்ல, "ஆமா இவங்க நம்ம டேபிள்ல ரெஜிஸ்ட்ரேஷன் பேட்ஜ் குடுத்தாங்களே"ன்னுதான் போடுவாங்க. இது ஜனநாயகத்துக்கு நல்லதான்னு கேக்காதீங்க, நடப்பு இதுதான்.

இன்னொரு வழியும் இருக்கு. ரீஜன் ஊரை வெச்சுப் பிரிச்சது, அது இல்லாம என்ன மாதிரி பசங்களை பாக்கறோம்ங்கறதை வெச்சு அட்வைசிங் கம்யூனிட்டின்னு தனித்தனி குழுக்கள் உண்டு, வேற காலேஜ்ல இருந்து மாறி வர்ற டிரான்ஸ்ஃபர் பசங்களுக்கு, வீட்டுலயே முதல் தலைமுறையா காலேஜ் வர்றவங்களுக்கு, இன்ஜினியரிங் சயின்ஸ் பக்கத்துக்கு இப்படி. அதுக்கும் சேர் எலெக்‌ஷன் உண்டு. ஹோட்டல் பேசற வேலை அங்க கம்மி, விஷயம் பேசற வேலை ஜாஸ்தி. உங்க மனசு கூட்டம் சேக்கறதுல இருக்கா, விஷயத்துல இருக்கான்னு பாத்துக்கோங்க. எமர்ஜிங் லீடர்ஸ்னு ஒரு ரெண்டு வருஷ ப்ரோக்ராமும் நடத்தறாங்க, ஏற்கெனவே பொறுப்புல இருந்த ஒருத்தரை உங்களுக்கு மென்டரா ஜோடி சேத்து விடுவாங்க. தலைமைல எல்லாப் பின்னணி ஆளுங்களும் வரணும்னு யோசிச்சு ஆரம்பிச்சதுதான் அது, அதனால "இது நமக்கு இல்ல"ன்னு நீங்களே முடிவு கட்டாம அப்ளை பண்ணுங்க.

அடுத்தது உங்க பாஸ். தோழிகிட்ட பேசறதுக்கு முன்னாடி, என்கிட்ட எழுதறதுக்கும் முன்னாடி பேசியிருக்க வேண்டியது அவங்ககிட்டதான். காரணம் காலண்டர். ரீஜன் கான்ஃபரன்ஸ் எல்லாம் ஸ்ப்ரிங்ல வரும், அப்பதான் உங்க ஆபீஸ்ல அடுத்த ஃபால் செமஸ்டர் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு பசங்க கதவுக்கு வெளிய க்யூ கட்டி நிப்பாங்க. வருடாந்திர பெரிய கான்ஃபரன்ஸ் அக்டோபர் வாக்குல, அப்ப ஸ்ப்ரிங் செமஸ்டர் ரெஜிஸ்ட்ரேஷன். ரெண்டுமே நீங்க சீட்ல இல்லன்னா பக்கத்து சீட்டுக்காரங்க தலைல விழற நேரம். நகேடா 2011ல எடுத்த சர்வேல ஒரு முழுநேர அட்வைசருக்கு நடுவாந்தரமா 296 பசங்கன்னு வந்துச்சு, உங்களை மாதிரி பெரிய இன்ஜினியரிங் காலேஜ்ல அது எவ்வளவுன்னு நான் சொல்லத் தேவையில்ல. ரீஜன் சேர்னா ரெண்டு வருஷக் கமிட்மென்ட். அதனால பாஸ்கிட்ட "எனக்கு ஆசையா இருக்கு சப்போர்ட் பண்ணுங்க"ன்னு பொதுவா கேக்காதீங்க, தலையாட்டிடுவாங்க, அப்புறம் மார்ச் மாசம் முகம் மாறும். வாரத்துல இவ்வளவு மணி நேரம் ஆபீஸ் டைம்ல இதுக்கு எடுத்துக்கலாமா, ரெண்டு கான்ஃபரன்ஸுக்கும் டிராவல் செலவு டிபார்ட்மென்ட் குடுக்குமா, நான் இல்லாதப்ப என் பசங்களை யார் பாப்பாங்கன்னு கேட்டு, ஒத்துக்கிட்டதை ஒரு மெயில்ல எழுதி வாங்கிக்கோங்க. பாஸ் மாறினாலும் மெயில் மாறாது. முடியாதுன்னு சொல்லிட்டா அட்வைசிங் கம்யூனிட்டி பக்கம் போங்க, பெரும்பாலும் ஸூம்லயே ஓடும்.

வீட்டுக்காரருக்கு பதில்: சம்பளம் கிடையாது. அம்மாவுக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க, அம்மாக்கள் கேஸ் நான் எடுக்கறதில்ல.

திருச்சி இங்கிலீஷ் பத்தி. தினம் அதே இங்கிலீஷ்லதான ஒரு பத்தொன்பது வயசுப் பையன் கால்குலஸ்ல ரெண்டாவது தடவை ஃபெயில் ஆகி அழுதுட்டு வந்தா உக்கார வெச்சுப் பேசறீங்க, அவன் புரியலன்னு எழுந்து போனானா? போகலல்ல. மீட்டிங்ல வேகமா பேசினா கொஞ்சம் நிதானமா பேசுங்க, அது எல்லாருக்கும் சொல்றதுதான்.

ஸ்டேட்மென்ட்தான் நிறைய பேர் கோட்டை விடற இடம். எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவாங்க, ஸ்டூடன்ட் சக்சஸ் என் பேஷன், நான் டீம் பிளேயர், சர்வன்ட் லீடர்ஷிப்ல நம்பிக்கை உள்ளவள், இத்தனை கமிட்டில இருந்தேன்னு. படிக்கறவங்களுக்கு அஞ்சு வேட்பாளரும் ஒரே ஆள் மாதிரி இருக்கும். நீங்க உங்களைப் பத்தி ரெண்டு வரி மட்டும் எழுதிட்டு ஏழாவது ரீஜன்ல எது வலிக்குதுன்னு எழுதுங்க. உங்க கைலயே இருக்கு. டெக்சாஸ்ல கோர் கரிகுலம்னு எல்லாருக்கும் பொதுவான பாடம், 42 கிரெடிட் ஹவர், அதை ரெண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ்ல முடிச்சுட்டு வந்தா ஸ்டேட் யூனிவர்சிட்டி அதை ஏத்துக்கணும், ஆனா இன்ஜினியரிங்குக்கு வர்ற பையனுக்கு கோர் முடிஞ்சிருக்கும் மேத்ஸ் வரிசை முடிஞ்சிருக்காது, அவன் மூணாவது வருஷம், ஜூனியர்னு பேரு வெச்சுக்கிட்டு ஃபர்ஸ்ட் இயர் கால்குலஸ்ல உக்காந்திருப்பான். கோர்ஸை நடுவுல விட்டு டிராப் பண்ணலாம்னா ஆறு டிராப் சட்டம், 2007 ஃபால்ல இருந்து சேர்ந்தவங்க படிப்பு முழுக்க பொதுவா ஆறு கோர்ஸுக்கு மேல டிராப் பண்ண முடியாது, கம்யூனிட்டி காலேஜ்ல பண்ணினதும் அதுல சேரும். இதை ரெண்டு பக்கத்து அட்வைசர்களும் ஒரே ரூம்ல உக்காந்து பேசினா எத்தனையோ பசங்களுக்கு ஒரு செமஸ்டர் மிச்சம். ஆனா கம்யூனிட்டி காலேஜ் அட்வைசருக்கு டிராவல் காசு கிடையாது, அவங்க மூணு நாள் ஹோட்டல் கான்ஃபரன்ஸுக்கு வரவே மாட்டாங்க. "கார்ல வந்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போற மாதிரி ஒரு நாள் மீட்டிங், மாநிலத்துக்கு ஒண்ணு, முதல் வருஷத்துலயே நடத்துவேன்"னு எழுதினா அது ஸ்டேட்மென்ட். ஜெயிச்சா என்ன செய்யணும்னு உங்களுக்கே ஒரு லிஸ்ட் கிடைச்சிடும், அது இன்னொரு சௌகரியம்.

எழுதி முடிச்சதும் உங்க தோழிகிட்ட காட்டி, பேரை மறைச்சுட்டு படி, இது யார் எழுதினதுன்னு தெரியுதான்னு கேளுங்க.

நாமினேஷன் பொதுவா இலையுதிர் காலத்துல, ஓட்டு வருஷ ஆரம்பத்துல ஆன்லைன்ல, பதவி ஏத்துக்கறது அக்டோபர் கான்ஃபரன்ஸ் முடிஞ்சு. அந்தந்த வருஷத் தேதியை அவங்க அறிவிப்புல பாத்துக்கோங்க, ஓட்டுக் கேக்கறதுக்கு என்ன விதின்னும் சேத்துப் பாருங்க, மெம்பர் லிஸ்ட் கைல கிடைச்சுதுன்னு மொத்தமா மெயில் தட்டிவிடாதீங்க.

கேள்வி: ஒரு அட்வைசிங் கம்யூனிட்டி சேர் பதவிக்கு நின்னு தோத்துட்டேன். இப்ப ஜெயிச்சவங்க என்னையே கமிட்டிக்குக் கூப்பிடறாங்க. போனா வெக்கமா இருக்காதா?
– ஒரு வாசகர், ஒஹாயோ

பதில்: வெக்கம் உங்களுக்கு மட்டும்தான் இருக்கு சார், அவங்களுக்கு ஆள் வேணும். இந்த மாதிரி சங்கத்துல தோத்தவர்னு யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்ல, அடுத்த மாசமே மறந்துடுவாங்க. போங்க. ஆனா ஒண்ணு, கூப்பிட்டாங்கன்னு மொட்டையா சரின்னு சொல்லாம உங்க ஸ்டேட்மென்ட்ல எழுதின விஷயத்துல ஒண்ணை நான் எடுத்து செய்றேன்னு கேளுங்க. குடுத்தாங்கன்னா அடுத்த எலெக்‌ஷனுக்கு உங்க கைல நடந்த வேலை இருக்கும். குடுக்கலன்னா அந்தக் கமிட்டி பேருக்குத்தான்னு தெரிஞ்சுடும், மரியாதையா ஒதுங்கிக்கலாம்.

கேள்வி: இந்த சங்கப் பொறுப்பெல்லாம் எடுத்தா ஆபீஸ்ல ப்ரமோஷன் கிடைக்குமா? உள்ளதைச் சொல்லுங்க.
– நியூ ஜெர்சி வாசகி

பதில்: நேரடியா கிடைக்காது. அட்வைசர் ஒண்ணு, ரெண்டு, சீனியர்னு படிக்கட்டு வெச்சிருக்கற யூனிவர்சிட்டில தொழில் சார்ந்த சேவைன்னு ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்ப உதவும், அவ்வளவுதான். நிஜமான லாபம் வேற. அசிஸ்டென்ட் டைரக்டர் இன்டர்வியூல "பட்ஜெட் பாத்திருக்கீங்களா, டீம் நடத்தியிருக்கீங்களா"ன்னு கேப்பாங்க, சாதாரண அட்வைசருக்கு ஆபீஸ்ல அந்த ரெண்டும் தொட வாய்ப்பே குடுக்க மாட்டாங்க, சங்கத்துல குடுப்பாங்க. சம்பளமில்லாத ஆளுங்களை வேலை வாங்கத் தெரிஞ்சவங்களுக்கு சம்பளம் வாங்கற ஆளுங்களை வேலை வாங்கறது சுலபம்.

கேள்வி: நான் கோயமுத்தூர்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல லெக்சரர், ஃபேகல்ட்டி அட்வைசரும் நான்தான். இந்த சங்கத்துல நாங்க சேர முடியுமா, பொறுப்புக்கு எல்லாம் வர முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: சேரலாம், அமெரிக்கால இருக்கணும்னு இல்ல. அவங்க சர்வதேச மாநாடு முதல்ல 2013ல நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட்ல நடத்தினாங்க, 2016ல துபாய்க்கே வந்தாங்க. ஆனா நீங்க செய்ற வேலையும் அவங்க செய்ற வேலையும் ஒண்ணு இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க. அண்ணா யூனிவர்சிட்டி ரெகுலேஷன்லயே ஃபேகல்ட்டி அட்வைசர்னு உண்டு, ஆனா அது க்ளாஸ் எடுத்து, பேப்பர் திருத்தி, காலேஜுக்குத் தரம் போடற நாக் அமைப்புக்கு ஃபைல் கட்டி, மிச்ச நேரத்துல பாக்கற வேலை, அட்டெண்டன்ஸ் 75 வரலன்னா அப்பாவுக்கு போன் போடறது வரைக்கும் நீங்கதான். அங்க அது தனி உத்தியோகம், தனி ஆபீஸ், படிச்சுட்டு வர்றாங்க, பசங்க ரெக்கார்டை அப்பா கேட்டாலும் பையன் ஒத்துக்காம காட்டறதுக்கு 1974ல வந்த ஒரு சட்டம் பொதுவா தடுக்குது. அதனால சந்தா கட்டறதுக்கு முன்னாடி உங்க காலேஜ்லயே, பக்கத்து காலேஜ்லயே உங்களை மாதிரி எரிச்சலோட இந்த வேலை பாக்கற நாலு பேரை ஒரு சனிக்கிழமை டீக்கு கூப்பிடுங்க, அரியர் வெச்ச பையன்கிட்ட யார் எப்படிப் பேசறீங்கன்னு மட்டும் பேசுங்க. ஹெச்ஓடியைக் கூப்பிடாதீங்க, வந்தா மினிட்ஸ் எழுதச் சொல்லிடுவார்.