பழைய ஆர்எக்ஸ்-8: வாங்குமுன்னும் வாங்கிய பின்னும் – கேள்வி பதில்

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். 2003 முதல் 2012 வரை தயாரான கார். கடைசி வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. இதில் இருப்பது ரோட்டரி இன்ஜின், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார்கள் சுழலும். அதுதான் என் தொழில், அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். பெயிண்ட், டயர், ஸ்பீக்கர் எல்லாம் அந்தந்த ஆட்களிடம் கேளுங்கள்.

கிள்ளான்: அண்ணா, 2005 மாடல், ஆறு கியர் மேனுவல் ஒன்று மலிவாக வருகிறது. காலையில் சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. வாங்கலாமா?

காலை ஸ்டார்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் தம்பி. இந்த இன்ஜினின் நோய் சூட்டில்தான் வெளியே வரும். அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள், நிறுத்துங்கள், பத்து நிமிடம் கழித்துச் சாவி போடுங்கள். ஸ்டார்ட்டர் நீளமாகச் சுற்றி, முக்கி முனகி எழுந்தால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் வலு, போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், கம்ப்ரஷன் டெஸ்ட் இல்லாமல் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சாதாரண பிஸ்டன் இன்ஜின் கேஜ் இதற்கு உதவாது. ஒரு ரோட்டாருக்கு மூன்று முகம். அந்தக் கேஜ் மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் காட்டி நிற்கும், செத்த முகத்தை மறைத்துவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். 250 ஆர்பிஎம்மில் சுமார் 830 கிலோபாஸ்கல் வந்தால் நல்ல இன்ஜின். 680-க்குக் கீழே போனால் கழற்றிக் கட்ட வேண்டியதுதான். ஒரே ரோட்டாரின் முகங்களுக்குள் 150-க்கு மேலும், இரண்டு ரோட்டார்களுக்கு இடையே 100-க்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. எந்த ஆர்பிஎம்மில் அளந்தது என்றும் எழுதி வாங்குங்கள். பேட்டரி சோர்ந்திருந்தால் நல்ல இன்ஜினும் குறைவாகக் காட்டும். விற்பவர் டெஸ்டுக்குச் சம்மதிக்கவில்லையா, வேறு கார் பாருங்கள்.

ஸ்காபரோ: அண்ணை, காரை வாசலிலயிருந்து கராஜுக்குள்ள விட்டிட்டு நிப்பாட்டினனான். இப்ப ஸ்டார்ட் ஆகேல்லை, பெற்றோல் மணக்குது.

ஃப்ளட் ஆகிவிட்டது. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகும். சூடேறும் முன் அணைத்தால் ஸ்பார்க் பிளக் நனைந்துவிடும். ஹவுசிங் (ரோட்டார் சுழலும் கூடு) சுவரில் இருக்கும் ஆயில் படலத்தையும் பெட்ரோல் கழுவிவிடும், காற்றைக் கசியவிடாமல் அடைக்கும் சீல் பிடிக்காது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சில விநாடிகள் சுற்றுங்கள். அந்த நிலையில் இன்ஜெக்டர் பெட்ரோல் விடாது, உள்ளே இருப்பது வெளியேறும். ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுத்து மறுபடி செய்யுங்கள். அப்படியும் எழவில்லை என்றால் நான்கு பிளக்கையும் கழற்றிக் காயவைக்க வேண்டும். ஆரம்ப கால வண்டி என்றால் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். மாஸ்டா பின்னால் அதைவிட வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டரைக் கொடுத்தது, மாற்றினால் பாதித் தொல்லை தீரும்.

இனிமேல் பத்தடி நகர்த்துவதாக இருந்தாலும் சூடாகும் வரை ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும்.

கோயம்புத்தூர்: சார், ஜப்பானிலிருந்து ஒன்றை இறக்கிப் பதிவு செய்ய முடியுமா?

முடியாது. பழைய கார் என்றால் தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது இந்திய இறக்குமதி விதி.

லண்டன்: அண்ணா, ஆறாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை இல்லை, ஐடிலில் குலுக்குகிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை (கேட்) மாற்றச் சொல்கிறார்கள். பெரிய தொகை.

கேட் அடைத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஏன் அடைத்தது என்று யாராவது பார்த்தார்களா? இந்த வண்டியில் நான்கு பிளக், அவற்றுக்கு மின்பொறி கொடுக்க நான்கு காயில். ஒரு காயில் தளர்ந்ததும் எரியாத பெட்ரோல் நேராகக் கேட்டுக்குள் போய் அங்கே எரிகிறது. கேட்டின் தேன்கூடு உருகி அடைக்கிறது. வெளியேற வழியில்லாத சூடு திரும்பி வந்து இன்ஜின் சீல்களைத் தின்கிறது. 'இன்ஜின் போச்சு' என்று இங்கே வரும் வண்டிகளில் பலவற்றுக்குத் தொடக்கம் ஒரு காயில்தான்.

அதனால் முதலில் நான்கு காயில், வயர், பிளக் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். கேட் அதற்குப் பிறகு. மாற்றும்போது பிளக்கின் எழுத்தைப் பாருங்கள். எல் என்று முடிவது லீடிங், கீழ்த் துளைக்கு. டி என்று முடிவது டிரெய்லிங், மேல் துளைக்கு. இடம் மாறினால் மறுபடி தொல்லை. 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை காயில் மாற்றுவதை ஆயில் ஃபில்டர் மாற்றுவது போன்ற சாதாரணச் செலவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்னி: டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. பானெட்டைத் திறந்தால் ஆவி. எப்படி?

அந்த முள்ளை நம்பாதீர்கள். வேலை செய்யும் சூட்டுக்கு வந்ததும் நடுவில் போய் உட்காரும். மேலே ஏறத் தொடங்கும்போது காரியம் கைமீறியிருக்கும். முதல் தலைமுறை (2009 மாடலுக்கு முந்தைய) வண்டிகளில் ஆயில் பிரஷர் முள்ளும் அப்படித்தான். பின்னால் இருப்பது வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச். காரின் கம்ப்யூட்டர் தகவலைப் போனில் காட்டும் ஓபிடி அடாப்டர் ஒன்றை வாங்கி, கூலன்ட் சூட்டை எண்ணாகப் பாருங்கள். 105 டிகிரியைத் தாண்டினால் ஓரம் கட்டி நிறுத்துங்கள்.

இன்னொருவர்: கூலன்ட் விளக்கு எரிகிறது, அளவோ சரியாக இருக்கிறது.

டேங்க்குக்குள் இருக்கும் சென்சார் போயிருக்கும், டேங்க்கோடு மாற்ற வேண்டும். அதுவரை தினமும் அளவைக் கண்ணால் பாருங்கள்.

மெல்பர்ன்: கழுவுவதற்காக நகர்த்தி நிறுத்தினேன், அதற்குப் பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை…

ஸ்காபரோக்காரருக்குச் சொன்னதேதான். இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் அதே பதில்.

பினாங்கு: பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கச் சொல்கிறார்கள். மாஸ்டா கையேட்டில் அப்படி எதுவும் இல்லையே?

கலக்கலாம், நான் கலக்கிறேன். இந்த இன்ஜின் ஆயில் குடிக்கும்படியே செய்யப்பட்டது. ஒரு பம்ப் சம்ப்பிலிருந்து (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயிலை எடுத்து ஹவுசிங்குக்குள் விடுகிறது, அதுதான் ரோட்டாரின் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீலுக்கு மசகு. முதல் தலைமுறையில் ஒரு ரோட்டாருக்கு இரண்டு இடத்தில் விட்டார்கள், சீலின் நடுப்பகுதிக்குப் போதவில்லை. பெட்ரோலோடு போகும் ஆயில் அகலம் முழுக்கப் படியும். 200-க்கு 1 என்ற அளவு போதும். சாம்பல் குறைந்த, நன்றாக எரியும் ஆயிலாக இருக்கட்டும்.

பினாங்கு, மறுபடி: அப்படியானால் கேட் கெடாதா? கார் செய்தவர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

செய்தவர்களே 2009 மாடலில் ரோட்டாருக்கு மூன்று இடமாக மாற்றினார்கள், நடுவுக்கும் சேர்த்து. குறை இல்லாவிட்டால் மாற்றியிருக்க மாட்டார்கள். கையேடு எழுதுபவர் மாசுக் கட்டுப்பாட்டையும் பார்க்க வேண்டும், வாங்குபவரின் வசதியையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆயில் அளந்து ஊற்றுங்கள் என்று ஒரு கம்பெனி சொன்னால் யார் வாங்குவார்கள்? கேட் விஷயத்தில் உங்கள் கவலை நியாயம்தான், அதிகம் ஊற்றினால் கெடும். அதனால்தான் அளவு சொன்னேன்.

ஜொகூர், இடையில்: நான் கலந்ததே இல்லை. 1,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது.

மகிழ்ச்சி. காயிலை நேரத்துக்கு மாற்றியிருப்பீர்கள், ஆயில் அளவைக் குறையவிட்டிருக்க மாட்டீர்கள். அந்த இரண்டையும் செய்பவருக்குக் கலப்பு கூடுதல் பாதுகாப்புதான். இரண்டையும் செய்யாமல் கலப்பை மட்டும் நம்புபவரின் இன்ஜின் நிற்காது. பினாங்கு நண்பரே, நீங்கள் கலக்காவிட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒருமுறை விட்டு ஒருமுறை பெட்ரோல் போடும்போது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், அது போதும்.

இன்னொருவர்: வேறு இன்ஜின் மாற்றிப் போடலாமா?

அந்த வேலை நான் செய்வதில்லை.

ஆக்லாந்து: 9,000 ஆர்பிஎம் வரை இழுத்தால் இன்ஜின் கெடுமா?

இழுக்காமல் ஊருக்குள் மெதுவாகவே ஓட்டினால்தான் கரி படிந்து கெடும். வாரத்தில் சில முறை முழுவதும் ஏற்றுங்கள். முதலில் பதினைந்து நிமிடம் ஓடி ஆயில் சூடாகட்டும். கூலன்ட் சூடானால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.