டிஇஎஃப் பிரஷர் சென்சார் ஃபால்ட் வந்தால் பம்ப் மாட்யூலையே மாற்ற வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது: பிஎஸ்-6 லாரி, டிஇஎஃப் (புகையைச் சுத்தப்படுத்தத் தெளிக்கும் யூரியா கரைசல்) பிரஷர் சென்சார் ஃபால்ட் என்று வருகிறது, லோடில் வண்டி இழுக்கவில்லை, ஒர்க்‌ஷாப்பில் டிஇஎஃப் பம்ப் மாட்யூலையே மாற்றச் சொல்கிறார்கள். நாமக்கல் பக்கம் லாரி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்: கொஞ்சம் பொறுங்கள். அது சின்னச் செலவு இல்லை.

ஸ்கேனரில் வந்த ஃபால்ட் கோடு எண்ணை முழுசாகப் பாருங்கள். எஸ்பிஎன் என்பது எந்த இடம் என்று சொல்லும் எண்; அது 4334 என்றால் டிஇஎஃப் பிரஷர் சம்பந்தப்பட்டது, அவ்வளவுதான். என்ன கோளாறு என்பதைப் பக்கத்தில் இருக்கும் எஃப்எம்ஐ எண்தான் சொல்லும். 3 அல்லது 4 வந்தால் கரண்ட் சமாச்சாரம். சிக்னல் வோல்டேஜ் எல்லைக்கு மேலேயோ கீழேயோ போயிருக்கிறது. 16 அல்லது 18 வந்தால் பெரும்பாலும் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, பிரஷர்தான் கூடியோ குறைந்தோ இருக்கிறது. அந்த வண்டிக்குப் புது சென்சார் போட்டால் அதுவும் இதையேதான் சொல்லும்.

3, 4 வந்திருந்தால் முதலில் சென்சாரில் வயர் மாட்டும் கப்ளரைக் கழற்றுங்கள். உள்ளே உப்புப் பூத்தது போல வெள்ளைத் தூள் இருக்கும், கப்ளர் பின்கள் பச்சை பிடித்திருக்கும். டிஇஎஃப் செம்பை அரிக்கும். வயர் உறைக்குள்ளேயே ஊர்ந்து வெகுதூரம் போய்விடும். அதனால் கப்ளரை மட்டும் துடைத்துவிட்டு விடாதீர்கள். சற்றுத் தள்ளி வயரைச் சீவிப் பார்த்து, செம்பு கறுத்திருந்தால் நல்ல இடம் வரும்வரை வெட்டிப் புது வயர் போடுங்கள். அப்புறம் இக்னிஷன் ஆன் செய்து சப்ளை பின்னில் மல்டிமீட்டர் வைத்தால் 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லையா, அதே 5 வோல்ட் லைனில் இருக்கும் வேறு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். சென்சார் கப்ளரைக் கழற்றியதும் எஃப்எம்ஐ எண் 4-லிருந்து 3-க்கோ, 3-லிருந்து 4-க்கோ மாறினால் வயரிங் நன்றாக இருக்கிறது, கோளாறு சென்சாரில். சில மாட்யூல்களில் சென்சார் உள்ளேயே இருக்கும், தனியாகக் கிடைக்காது. மாட்யூலை மாற்றச் சொல்வது அங்கே நியாயம்தான்.

சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்க இன்னொரு எளிய வழி. இன்ஜினை நிறுத்தி, லைன் காலியான பிறகு மறுபடி இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் பிரஷரைப் படியுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காற்றழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும் வகை என்றால் 100 கிலோபாஸ்கல் சுமார். காலி லைனில் 300, 400 காட்டினால் சென்சாரைச் சந்தேகப்படலாம்.

16, 18-க்கு வருவோம். பாஷ் கம்பெனியின் டெனாக்ஸ்ட்ரானிக் 2.2 என்ற டிஇஎஃப் சிஸ்டத்தில் வேலை பிரஷர் 9 பார் (900 கிலோபாஸ்கல்). உங்கள் வண்டியில் எவ்வளவு என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் மெதுவாக ஏறி பாதியிலேயே நின்றால் ஃபில்டர் அடைப்பு, டேங்கிலிருந்து வரும் உறிஞ்சு ஹோஸில் மடிப்பு, இல்லை பம்ப் தேய்மானம். முள் ஆடுவது போல ஏறி இறங்கினால் உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது. அளவுக்கு மேலே போனால் டேங்குக்குத் திரும்பும் லைனில் அடைப்பு.

டேங்கில் இருப்பதையும் சோதியுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் (கரைசலில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் கருவி) யூரியா 32.5 சதவீதம் காட்ட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அதிலும் 32.5 வரும். நம் நாட்டில் 2015 முதல் விவசாய யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெய்ப்பசை ஃபில்டரை அடைக்கும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி மேலே படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். டீசல் வாடை வந்தால் இன்னும் மோசம். ரப்பர் சீல்கள் ஊதிவிடும், கழுவினால் மட்டும் தீராது.

டிரைவரிடமும் ஒன்று கேளுங்கள்: சாவியைத் திருப்பியதும் மெயின் சுவிட்சையும் உடனே ஆஃப் செய்கிறாரா? சாவி ஆஃப் ஆன பிறகும் பம்ப் கொஞ்ச நேரம் ஓடி, லைனில் இருப்பதை டேங்குக்குத் திரும்ப இழுக்கும். அதற்குள் பேட்டரியைத் துண்டித்தால் மிச்சம் லைனிலும் இன்ஜெக்டரிலும் காய்ந்து கட்டியாகிவிடும். வெந்நீர் ஊற்றினால் அந்தக் கட்டி கரையும், கெமிக்கல் ஸ்ப்ரே வேண்டாம். எஃப்எம்ஐ எண்ணையும், இக்னிஷன் ஆனில் காட்டும் பிரஷரையும் இங்கே எழுதுங்கள், அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.