மெடிட்டரேனியன் கடலோர நகரத்துல மூணு நாள் சிட்டி பிரேக், அதிகம் நடக்காம எப்படி பிளான் பண்றது?

'அதிகம் நடக்காம'ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சிடுச்சு. ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அவங்க திரும்பறதுக்குள்ள கடலோரமா ஒரு ஊரைக் காட்டிடணும், லீவு சனி ஞாயிறோட திங்கள் மட்டும் தான். சரியா? நானும் அதே கேஸ் தான். ஃப்ராங்க்ஃபர்ட்ல வேலை, போன ஏப்ரல்ல சிசிலி தீவுல இருக்கற பலெர்மோவுக்கு நாங்க நாலு பேரா போனோம். பார்சிலோனாவ விட்டுட்டு அது எதுக்குன்னு சண்டைக்கு வராதீங்க, டிக்கெட் சீப்பா கிடைச்சுது, அவ்ளோ தான்.

நான் எக்செல் போட்டேன். அரை மணி நேரத்துக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு ஷீட், கலர் வேற. ஏர்போர்ட் ஊருக்கு 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, நான் '20 நிமிஷம்'னு போட்டிருந்தேன். அங்கயே பிளான் படுத்துடுச்சு.

சனிக்கிழமை முதல் ஐட்டம் கப்புச்சின்ங்கற கத்தோலிக்கத் துறவிகளோட நிலவறை. காஞ்சு போன உடம்பு ஆயிரக்கணக்குல, துணி போட்டு சுவத்துல நிக்க வச்சிருப்பாங்க. எல்லா லிஸ்ட்லயும் இருந்துச்சு, நானும் போட்டுட்டேன். உள்ள என்ன இருக்குன்னு அம்மாகிட்ட வாசல்ல தான் சொன்னேன். "பொணம் பாக்கவாடா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தே"ன்னு ஆரம்பிச்சாங்க. நல்ல வேளை, மத்தியான சாப்பாட்டுக்கு மூடியிருந்தாங்க.

அங்கல்லாம் மத்தியானம் ஒரு மணிலேருந்து நாலு மணி வரை பாதி சர்ச், சின்னக் கடையெல்லாம் சாத்திடும், ராத்திரி சாப்பாடும் ஏழரை எட்டுக்கு முன்னாடி கிடைக்காது. அப்பாவுக்கு சுகர், ஏழு மணிக்கு சாப்பிட்டாகணும், இதை எந்த ஷீட்லயும் நான் போடல. பல்லாரோ மார்க்கெட்டுல தான் பொழைச்சோம். அங்க பனெல்லேன்னு ஒண்ணு, கொண்டைக்கடலை மாவைக் கிண்டி, ஆற வச்சு, தகடா வெட்டி, எண்ணெய்ல பொரிச்சு பன்னுல வச்சுத் தராங்க. அம்மா மோந்து பாத்துட்டு "பஜ்ஜி மாவை வாழைக்காய் இல்லாம போட்டிருக்கான்"னாங்க, ஆனா ரெண்டு சாப்பிட்டாங்க.

அதைக் கேட்டு பக்கத்துல காய் வாங்கிட்டு இருந்த ஒரு அம்மா திரும்பி "நீங்கள் இந்தியாவோ?"ன்னு கேட்டாங்க. யாழ்ப்பாணம். முப்பது வருஷமா பலெர்மோவுல இருக்காங்களாம். அந்த ஊர்ல ஈழத் தமிழர் நிறைய பேர் இருக்காங்கன்னு எனக்கு சத்தியமா தெரியாது. "நாளைக்குக் காலமை மாதாவிட்ட மலைக்குப் போறம், வாங்கோவன் அக்கா"ன்னு அம்மாவைக் கூப்பிட, அம்மா என்னைக் கேக்காமயே சரின்னுட்டாங்க.

என் ஷீட்ல ஞாயிறு காலை நார்மன் அரண்மனையில இருக்கற பலாட்டினா சாப்பல். ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல டூரிஸ்டை உள்ள விட மாட்டாங்கங்கறது அந்த அம்மா சொல்லித் தான் தெரிஞ்சுது. சரின்னு 812 பஸ் புடிச்சு பெல்லெக்ரினோ மலைக்குப் போனோம், மலையோட உயரம் 600 மீட்டர், ஆனா நடந்து ஏற வேணாம். மேல ஒரு குகை தான் கோயில். கூரைலேருந்து சொட்டற தண்ணிய தகரத் தாரை வச்சுப் புடிச்சு விடறாங்க. அங்க இருக்கற புனிதை பேரு சாந்தா ரொசாலியா, 1624ல பிளேக் வந்தப்ப அவங்க எலும்பை ஊர்வலமா கொண்டு போனதும் நோய் நின்னுச்சுங்கறது அங்க நம்பிக்கை. பொட்டு வச்சு, பட்டுப்புடவை கட்டி, செருப்பைக் கழட்டிட்டு நம்மாளுங்க நிக்கறாங்க, பாதி பேர் இந்துக்கள் தான். அம்மா அங்க ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருந்தாங்க. எக்செல்ல அதுக்கு வரியே கிடையாது.

சாப்பலை திங்கள் காலைல திறந்த உடனே பாத்தோம். 1100கள்ல ரெண்டாம் ரோஜர் ராஜா கட்டினது, சுவர் முழுக்க தங்க மொசைக், மேல அரபு வேலைப்பாட்டோட மரக்கூரை. கழுத்து வலிச்சுது. பக்கத்துல மொசைக்குக்குப் பேர் போன பெரிய சர்ச் இருக்கற மொன்ரேலே ஊருக்குப் போகல. அதைப் பாக்காம பலெர்மோ பத்தி பேசறியான்னு கேப்பீங்க, கேட்டுக்கோங்க, எங்கப்பா முட்டிய நீங்களா தூக்கிட்டு வருவீங்க?

உங்க விஷயத்துக்கு வரேன். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதுக்கு மேல போடாதீங்க, மத்தியானம் ரூம்ல தூக்கம். ஞாயிறு, திங்கள்ல எது மூடியிருக்கும்னு மட்டும் முன்னாடியே பாத்துடுங்க. எந்த ஊரா இருந்தாலும் பழைய நகரத்துக்குள்ள ரூம் எடுங்க, ஆனா லிஃப்ட் இருக்கான்னு எழுதிக் கேட்டு வாங்குங்க. எங்களுது பழைய கட்டடம், மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பா ஒவ்வொரு மாடிலயும் நின்னு மூச்சு வாங்கிட்டு "இது எந்த ஷீட்ல இருக்குடா"ன்னு கேட்டாரு.