பால் கொடுக்கும் வரை கரு தங்காதா?

கேள்வி: பாப்பாவுக்கு எட்டு மாசம் ஆகுதுங்க. சுகப்பிரசவம். இன்னும் தூரம் ஆகலை. அடுத்த மாசம் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு மறுபடி செக்கிங் வேலைக்குப் போகோணும். அடுத்தது மூணு வருசம் கழிச்சுப் போதும்னு நானும் வீட்டுக்காரரும் இருக்கறோம். பால் குடுக்கற வரைக்கும் தங்காது, ரெண்டாவது பொறந்ததும் ஆபரேசன் பண்ணிக்கலாம்னு மாமியா சொல்றாங்க. காப்பர்-டி போட்டாச் சூடு புடிச்சுக் கர்ப்பப்பை கெட்டுப் போயிருமாமா. என்னங்க பண்றது?
– அவிநாசி வாசகி

பதில்: நாளைக் காலையிலேயே ஒரு வேலை இருக்கிறது. மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கி, எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் பாருங்கள். மாமியார் சொல்வதில் பாதி உண்மை. பால் கொடுப்பது கருவைத் தடுக்கும்தான். ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடித்து, தாய்க்குத் தூரமும் ஆகாமல் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தக் காவல் போயிற்று. எட்டு மாதத்தில் ராகிக் கூழும் பருப்புச் சோறும் தொடங்கியிருப்பீர்கள். தூரம் ஆகவில்லையே என்றும் இருந்துவிடக் கூடாது. முதலில் கருமுட்டை வெளிவரும், இரண்டு வாரம் கழித்துத்தான் தூரம் வரும். பிரசவத்துக்குப் பின் ஒருமுறைகூடத் தூரமாகாமலே அடுத்தது தங்குவது இப்படித்தான். அட்டையில் ஒரு கோடு மட்டும் வந்தால், மூன்று வாரம் தவறாமல் ஆணுறை பயன்படுத்திவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஒரு கோடுதான் என்றால் கரு இல்லை என்று நம்பலாம்.

அதன்பின் உங்களுக்கு நாங்கள் சொல்வது காப்பர்-டி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். கர்ப்பப்பைக்குள் வைக்கும், மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் 'டி', அதில் சுற்றிய செம்புக் கம்பி, அடியில் இரண்டு மெல்லிய நூல். அவ்வளவுதான். செம்பு விந்தணுவை முடக்குகிறது. ஹார்மோன் இல்லாததால் தாய்ப்பால் குறையாது, உடம்பும் சூடாகாது. '380 ஏ' வகை பத்து வருடம் வரை வேலை செய்யும். ஒரு வருடத்தில் நூறு பேரில் ஒருவருக்குக்கூடத் தவறுவது அரிது. ஆணுறையில் பதின்மூன்று பேருக்குத் தவறுகிறது.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. முதல் மூன்று, ஆறு மாதம் வரை உதிரம் கூடுதலாகப் போகும், வயிற்றுவலியும் இருக்கும். 'சூடு' என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஒன்றரை ஷிப்ட் நின்றுகொண்டே வேலை பார்ப்பவருக்கு ரத்தசோகையும் இருந்தால் தாங்காது. அதனால் போடுவதற்கு முன்பே ஹீமோகுளோபின் பாருங்கள், குறைந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தொடங்குங்கள். பால் கொடுக்கிறேன் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்தச் சமயத்தில் கர்ப்பப்பைச் சுவர் மென்மையாக இருக்கும், பழகிய கை போடுவது நல்லது. நான்கிலிருந்து ஆறு வாரத்தில் ஒருமுறை காட்டுங்கள், தானாக நழுவி வருவது முதல் சில மாதங்களில்தான் அதிகம். நூல் தட்டுப்படவில்லை, காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், கடும் வலி என்றால் அன்றைக்கே போய்விடுங்கள்.

காப்பர்-டி மனசுக்கு ஒப்பவில்லை என்றால் 'சாயா' மாத்திரை. இதிலும் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, ஞாயிறும் புதனும் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு ஞாயிறு மட்டும். ஏழு நாளுக்கு மேல் மறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியும் நல்லதுதான். ஆனால் நிறுத்திய பின் கரு தங்கப் பல மாதம் பிடிக்கும், அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.

ஆபரேஷன் விஷயத்தில் ஒன்றைத் திறந்து சொல்ல வேண்டும். 1960களில் உலகில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்து பிள்ளை, இன்று இரண்டே கால். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.8. கொங்குச் சீமையில் ஒன்று, இரண்டோடு நிறுத்துவது வெகுநாள் பழக்கம். ஆனால் நாம் நிறுத்தக் கற்றுக்கொண்ட அளவுக்கு இடைவெளி விடக் கற்றுக்கொள்ளவில்லை. அதே ஆய்வில் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே எதுவும் இல்லாமல் விடுவதால் வருகிற ரத்தசோகை, திட்டமிடாத கர்ப்பம், கருக்கலைப்பு எல்லாம் பெண் உடம்பின் மேலேயே விழுகிறது. பிரசவமாகி இரண்டு வருடம் கழித்தே அடுத்த கருவுக்கு முயல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் மூன்று வருடக் கணக்கு மிகச் சரி.

இரண்டாவது பிறந்த பிறகும் ஆபரேஷன் உங்களுக்குத்தான் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். கணவருக்குச் செய்வது தழும்புகூடத் தெரியாத சிறு வேலை, அன்றே வீடு திரும்பலாம். ஆண்மைக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. ஆனால் உடனே பலன் தராது. மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியான பிறகே நம்ப வேண்டும். இதை விட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் 'ஆபரேஷன் பண்ணியும் தங்கிருச்சு' என்ற பேர் வருகிறது.

அடுத்த பிள்ளை வேண்டும் என்கிறபோது காப்பர்-டியை எடுக்கச் சில நிமிடம் போதும். எடுத்த மாதமே கரு தங்கலாம். அதனால் ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள்.