நடமாடும் மருத்துவ வண்டி வாங்கப் போகிறோம். உள்ளே என்னென்ன கருவிகள் இருக்க வேண்டும்?

நீங்கள் ஏதோ ஓர் அறக்கட்டளையில் இருப்பவர், நன்கொடை கைக்கு வந்துவிட்டது, சீக்கிரம் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். இசிஜி, ஸ்கேன் என்று பட்டியல் போட மற்றவர்கள் வருவார்கள். இப்படிப்பட்ட வண்டியில் மருந்தாளுநராகப் போனவன் நான். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வண்டி மறுபடி வரும்வரை நோயாளி கையில் மாத்திரை இருக்குமா?

எங்கள் வண்டி ஒரு கிராமத்துக்கு மாதம் ஒருமுறைதான் போகும். ஆனால் பிரஷர் மாத்திரையை இரண்டு வாரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அலுவலகத்தில் விதி. கேட்டால் கையிருப்புக் கணக்கு என்பார்கள். ஒரு பெரியவருக்கு எப்போது பார்த்தாலும் பிரஷர் ஏறியே இருந்தது. டாக்டர் டோஸைக் கூட்டி எழுதிவிட்டார். சீட்டு என்னிடம் வந்ததும், "பழைய அட்டையைக் காட்டுங்க ஐயா" என்றேன். எப்போதோ தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் ஒரு மாத்திரை மிச்சம். "நீங்க வர்ற வரைக்கும் வரணுமே, அதான் ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேன்" என்றார். கணக்கில் எங்கள் அலுவலகத்தைவிடக் கெட்டி. சீட்டோடு டாக்டரிடம் திரும்பிப் போனேன். பழைய டோஸே போதும், தினமும் போடட்டும் என்று மாற்றி எழுதினார். கூட்டிய டோஸைத் தினமும் போட்டிருந்தால் மனிதர் தலைசுற்றி விழுந்திருக்கலாம். (டாக்டரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது அட்டையை எண்ண அவருக்கு ஏது நேரம்?)

அப்புறம் அலுவலகத்தோடு மல்லுக்கட்டி, ஒரு மாதத்துக்கும், மழையில் பாதை அடைபட்டால் தாக்குப்பிடிக்க மேற்கொண்டு ஒரு வாரத்துக்கும் கொடுக்க வைத்தேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் 1928-இல் தொடங்கிய பறக்கும் டாக்டர் சேவைகூட விமானத்தை மட்டும் நம்பி இல்லை. ஒதுக்குப்புறப் பண்ணைகளில் மருந்துப் பெட்டியே வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். டாக்டர் எங்கிருந்தோ பேசி, இந்த எண் மருந்தை இவ்வளவு கொடுங்கள் என்பார். நீங்களும் ஊரிலேயே இருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். பிரஷர் பார்க்கும் கருவியும், யாருக்கு மாத்திரை எப்போது தீரும் என்று எழுதிய நோட்டும் அவரிடம் இருக்கட்டும்.

சரி, கருவி. தடுப்பூசி கொண்டுபோவதானால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் காக்கும் குளிர்பெட்டி கட்டாயம். ஸ்கேன் வைக்குமுன், நோய் தெரிந்தவரை எங்கே அனுப்புவீர்கள், அங்கே அவர் எதில் போவார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன்: கழிப்பறை. வண்டி வடிவமைக்கிறவர்கள் டிவிக்கு இடம் கண்டுபிடிக்கிறார்கள், இதற்கு மட்டும் இடமில்லை. "நிறைய தண்ணீர் குடிங்க" என்று நோயாளிகளிடம் சொல்லும் எங்கள் நர்ஸ்கள் சாயந்திரம்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கூட்டத்தில் இதைச் சொன்னேன். பணம் இல்லை என்றார்கள். அந்த மாதமே வண்டியின் பக்கவாட்டில் நன்கொடையாளர் பெயரை ஆளுயர எழுத்தில் புதிதாக ஒட்டினார்கள்.