காப்புரிமை மறுப்பா? உத்தரவில் பிரிவு எண்ணைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மெல்லிய புஷ்களை (குழாய் வடிவ உலோக வளையங்களை) உள்துளையில் விரிந்து பிடிக்கும் மேண்ட்ரல் என்ற பிடிகருவி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டேன். இரண்டு பழைய காப்புரிமைகளைக் காட்டி சென்னை அலுவலகம் மறுத்துவிட்டது. புதிதாக ஒரு ஸ்பிரிங் சேர்த்து அப்பீலில் ஜெயித்துத் தருவதாக ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முதலில் கொடுத்த விவரணத்தில் (கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணத்தில்) இல்லாத ஸ்பிரிங்கை இப்போது நுழைக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடம் தராது. கோரிக்கையை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்ற எல்லையை, சுருக்கலாம், விரிக்க முடியாது. காப்புரிமை முகவர் உயர் நீதிமன்றத்தில் வாதாடவும் முடியாது. அதற்கு வழக்கறிஞர் வேண்டும். இவரைப் போன்றவர்கள் கடைசியில் டிசைன் பதிவுச் சான்றிதழை நீட்டி, "இதுதான் பேட்டன்ட்" என்பதையும் பார்த்திருக்கிறேன். டிசைன் பதிவு வெளித்தோற்றத்தைத்தான் காக்கும். உங்கள் மேண்ட்ரல் எப்படிப் பிடிக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

உத்தரவை எடுத்து எந்தப் பிரிவின்படி என்று பாருங்கள். 15 என்றிருந்தால் அது மறுப்பு. அதே சட்டத்தின் 117ஏ பிரிவின் கீழ், உத்தரவுத் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. முன்பிருந்த மேல்முறையீட்டு வாரியம் 2021-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. 21 என்றிருந்தால் கதையே வேறு. காப்புரிமை அலுவலகம் ஆட்சேபங்களை எழுதி அனுப்பும் ஆய்வறிக்கைக்குக் குறித்த காலத்தில் பதில் போகாததால் விண்ணப்பம் "கைவிடப்பட்டதாக" ஆகிவிட்டது என்று பொருள். அது மறுப்பல்ல, அதற்கு மேல்முறையீடும் இல்லை. ரிட் மனுதான் வழி. பதில் அனுப்ப மறந்த முகவரே "அப்பீல் போடலாம்" என்று இரண்டாவது ஃபீஸ் வாங்கியதைக் கண்டிருக்கிறேன். "மறுத்துவிட்டார்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாமல் உத்தரவைக் கையில் வாங்கிப் படியுங்கள்.

இனி உங்கள் வாதம். பிடிகருவியின் மூன்று தாடைகள் மட்டும் உள்ளிருந்து அழுத்தினால், மெஷினில் வட்டமாக இருந்த புஷ் கழற்றியதும் மூன்று பக்கமும் புடைத்துக்கொள்ளும். உங்கள் மேண்ட்ரல் சுற்றிலும் சமமாக விரிந்து இதைத் தடுக்கிறது என்று விவரணத்திலேயே எழுதியிருந்தால் அதுதான் உங்கள் பலம். பழைய இரண்டு ஆவணங்களிலும் இந்தச் சிக்கலைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் இன்னும் நல்லது. வருடக்கணக்கில் காக்க வைத்துவிட்டு, "இரண்டையும் சேர்த்தால் துறை அறிந்தவருக்கு இது எளிதில் தோன்றும்" என்று ஒரே வரியில் முடிக்கும் உத்தரவுகளைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. எப்படித் தோன்றும் என்று காரணம் எழுத வேண்டும். அக்ரிபோர்டு வழக்கில் 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆனால் அப்படி வென்றாலும் பெரும்பாலும் விண்ணப்பம் மறுபரிசீலனைக்காகச் சென்னை அலுவலகத்துக்கே திரும்பும். மறுநாளே காப்புரிமை கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம்.

உத்தரவு, ஆய்வறிக்கை, அதற்குத் தந்த பதில், அந்த இரண்டு பழைய காப்புரிமைகள் இவற்றோடு வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள்.