தொட்டாச்சுருங்கி

அன்புள்ள ஐயா,

நான் இலங்கையில் கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரத்தில் பிறந்தவன். இப்போது ஹூஸ்டனில் ஓர் எரிபொருள் நிலையத்தில் இரவு வேலை. டெக்சஸில் 2021 செப்டெம்பரில் இருந்து அனுமதிப்பத்திரம் எடுக்காமலே இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம். நானும் ஒன்று வாங்கி என் கைக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறேன். பிடி புதிது, குறி இருட்டில் ஒளிரும். விசையை விரலால் இழுக்க வேண்டிய பலம் 5.5 இறாத்தலாக இருந்தது. 2 இறாத்தலாகக் குறைத்துவிட்டேன். மேலே தமிழில் 'எமன்' என்று பொறித்திருக்கிறேன். இதனால் சட்டத்தில் சிக்கல் வருமா? ஊருக்கு வரும்போது கொண்டுவரலாமா? 2009இல் வெறுங்கையோடு பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளை நான். இனி அப்படி இருக்க மாட்டேன்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உமது கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் எழுதுகிறேன். அந்தக் கடைசி யுத்தத்தில் மாத்தளனில் நானும் அப்படி ஒரு குழிக்குள் இருந்தவன். உம்மை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பிள்ளையைத் தெரியும். அந்தப் பயம் ஹூஸ்டன் வரைக்கும் உம்மோடு வந்து இடுப்பில் ஏறியிருப்பதைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

ஊருக்குக் கொண்டுவருகிற கதையை விடும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் இன்றும் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் இங்கே கைத்துப்பாக்கியைத் தொடவே கூடாது. பிடி, குறி இரண்டிலும் சிக்கல் ஒன்றும் இல்லை. இலக்கு நன்றாகத் தெரிந்தால் நல்லதுதான்.

ஆனால் 'எமன்' என்று பொறித்தீரே, என்ன நினைத்துப் பொறித்தீர்? நாளைக்கு ஒருவன் உமது கையால் செத்தால், அரசதரப்புச் சட்டத்தரணி ஒரு தமிழரைக் கூப்பிட்டு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்பார். உயிருக்குப் பயந்து சுட்டேன் என்று நீர் அழுதுகொண்டு சொல்லும்போது அந்த மூன்று எழுத்து மேசையில் கிடக்கும். வெட்கமாக இல்லையா? அம்மாவிடம் அதைக் காட்டினீரா?

இனி அந்த விசை. என் அப்பாவிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது, அனுமதிப்பத்திரத்தோடு. வவுனிக்குளத்துக்குக் கீழே எங்கள் வயல். கதிர் முற்றினால் இரவிரவாகப் பன்றிக்காவல். மருந்து போட்டு, தும்பு வைத்து, சன்னம் போட்டுக் கம்பியால் இடித்து வைத்துக்கொண்டு பரணில் இருப்பார். அரிவு வெட்டில் அவருடைய சுட்டுவிரல் அறுபட்டு மடங்காமல் போன வருடம், குதிரையை, அதாவது அடிக்கிற சுத்தியலை, பூட்டுக்குள் பிடித்து வைத்திருக்கிற பல்லைக் கொல்லரிடம் கொடுத்து ராவி எடுப்பித்தார். அதன் பிறகு விரல் பட்டாலே குதிரை விழும். தொட்டாச்சுருங்கி என்று செல்லமாகப் பெயர் வைத்தார்.

1979 தை மாதம். வரம்பில் சரசரப்பு. அப்பா குதிரையை இழுத்துக்கொண்டு எழும்பினார். வரம்பில் நின்றது, முறைத்தண்ணீரை மடையில் திருப்ப வந்த பக்கத்து வயல்காரரின் மகன். பதினாறு வயது. "ஆரடா?" என்று கேட்டு, குரலை மட்டுக்கட்டி, துவக்கைப் பதிக்கிற நேரத்தில் வெடித்தது. தொடையெல்லாம் சன்னம். நான் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ட்ரக்டர் பெட்டியில் வைக்கோலுக்கு மேலே கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

கள்ளன் என்று பயந்து சுட்டதாகச் சொல்லும்படி அப்பாவின் சட்டத்தரணி சொன்னார். தண்டனைச் சட்டக்கோவையில் தற்காப்புக்கென்று 89ஆம் பிரிவில் இருந்து இடம் இருக்கிறது. அப்பா மாட்டேன் என்றுவிட்டார். "நான் சுடேல்லை, அது வெடிச்சது" என்றார். நீதவான் பன்றியையும் கள்ளனையும் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதை ஆர் ராவினது, ஏன் ராவினது, ராவினால் இப்படி நடக்கும் என்று தெரியாதா என்றுதான் கேட்டார்.

இதை ஆறுதலாக இரண்டு தரம் வாசியும். தற்காப்பு என்றால், "ஓம், நான்தான் சுட்டேன், வேறு வழி இருக்கவில்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டும். விபத்து என்றால், "நான் சுட நினைக்கவில்லை" என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. 2 இறாத்தல் விசை உமது முதல் வாக்கியத்தைப் பிடுங்கிவிடும். நீர் தெரிந்து, தீர்மானித்துத்தான் சுட்டிருப்பீர். ஆனாலும் பதற்றத்தில் விரல் பட்டு வெடித்தது, அவரே அப்படி ஆக்கி வைத்திருந்தார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். டெக்சஸ் சட்டத்தில் பொறுப்பற்ற செயலால் உயிர் போனாலே அது தனிக் குற்றம். விசையை மாற்றியது தன்னளவில் அங்கே குற்றமில்லைத்தான். ஆனால் தீர்ப்புச் சொல்கிற ஜூரியில் இருக்கிறவர்களும் மனிதர்கள், தம்பி. அரிசோனாவில் 2004இல் மலைப்பாதையில் தன்னை நோக்கி ஓடிவந்தவரைச் சுட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வழக்கில், அவருடைய 10 மில்லிமீற்றர் துப்பாக்கி பொலிஸாருடையதை விடப் பலமானது என்பதை அரசதரப்பு பெரிதாக எடுத்துவைத்தது. 2006இல் 10 வருடத் தண்டனை. 2009இல் மேல்முறையீட்டில் அது ரத்தாகும்வரை மனிதர் சிறையில் இருந்தார்.

அப்பாவின் அனுமதிப்பத்திரம் போய்விட்டது. அதன் பிறகு தகரம் தட்டியும் பந்தம் கொளுத்தியும்தான் காவல் இருந்தார். பன்றி தின்றது போக மிஞ்சியதை வெட்டினோம்.

விசையில் கழற்றிய பழைய ஸ்பிரிங்கை எறிந்திருக்க மாட்டீர். தொழில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அதைத் திரும்பப் போடுவியும். அந்தப் பெயரையும் ராவி எடுப்பியும். பிறகு உமது மாநிலத்துச் சட்டத்தரணி ஒருவரிடம் மிச்சத்தைக் கேளும். மார்கழியில் வந்தால் வயலுக்கு வாரும். அன்று சன்னம் பட்டவர் இப்பவும் முறைத்தண்ணீர் திருப்ப வருகிறார், வலது காலை இழுத்து இழுத்து.